இன்னும் காயலைங்க

மெல்லங்க தம்பி, மெல்ல. அது மேல சாயாதீங்க. இன்னும் காயலைங்க. இல்லீங்க, மேல கேரியர்லயெல்லாம் வெக்க முடியாது. கண்டக்டரும் அதைத்தான் சொன்னாரு. லக்கேஜ் வேணும்னா போட்டுக்கங்க சாமி, ஆனா இது என்ற மடியிலதான் வரும்னுட்டேன். போர்வைதானே சுத்தியிருக்குதுன்னு நெனைக்காதீங்க. துணி படத்து மேல ஒட்டாம இருக்க நாலு மூலையிலயும் மரக்கட்டை குடுத்துக் கட்டியிருக்கறேன். நீங்க சன்னலோரம் தள்ளிட்டீங்கன்னா நான் இப்படிக் காலை நீட்டிக்குவேன். ஆ, அவ்வளவுதான். நல்லா இருங்க.

படமுங்க. என்ற பொண்டாட்டி போட்ட படம். அவ தாராபுரத்துல இருக்கறா, தங்கச்சி ஊட்டுல. மாசியில கோவிச்சுட்டுப் போனவ, ஆனி பொறந்தும் வரலை. போன் பண்ணுனா என்ற கொழுந்தியாதான் எடுக்குது. "அக்கா படுத்திருக்குதுங்க மாமா"ங்குது. எந்நேரம் கூப்பிட்டாலும் படுத்தேவா இருப்பா ஒரு மனுசி? அதுதான் இன்னைக்கு நேராவே கெளம்பிட்டேன். இதைக் குடுத்து, கையோட கூட்டிட்டு வந்துரோணும். வருவா. வராம என்ன? நான் என்ன குடிச்சுப்போட்டு அடிச்சனா, கை நீட்டுனனா? நடந்ததைச் சொல்றேன், நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க என்ற மேல என்ன தப்புன்னு.

என்ற பேரு தெய்வசிகாமணி. திருப்பூர்ல சாயப்பட்டறையில டையிங் மாஸ்டரா இருந்தனுங்க, இப்ப வேலைய உட்டாச்சு. பார்ட்டி ஒரு பிட்டுத் துணி குடுப்பான், இந்த ஷேடு வேணும்னு. அதை வெச்சுக்கிட்டு சாயம் கலந்து, மொத்த லாட்டையும் அந்த ஷேடுக்குக் கொண்டாரோணும். ஒரு நூல் கூடக் கொறைய வந்தாலும் வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிருவான். இன்னைக்கு எல்லாத்துக்கும் மிசின் வந்துருச்சு. அப்பவும் முதலாளி மிசினைப் பாத்துட்டுக் கடைசியில, "மாஸ்டரைக் கூப்பிடு"ம்பாரு. நான் துணியக் கொண்டுபோயி வடக்குப் பாத்த சன்னல்ல புடிச்சுப் பாத்து, ஓக்கேன்னாத்தான் லாட்டு வெளிய போகும். ஷேடு தப்பிருச்சுன்னா அதுக்கு டாப்பிங்னு ஒண்ணு குடுப்போம். மேலாப்புல இன்னுங்கொஞ்சம் சாயம் விட்டுச் சரிக்கட்டறது. எத்தனையோ லாட்டைக் காப்பாத்தியிருக்கறேன். நெறத்துல என்னை ஏமாத்த முடியாதுங்க. கண்ணு அப்படி.

அவ பேரு வசந்தாமணி. பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சர். பள்ளிக்கூடத்துல மாம்பழம், பூச்சாடி போடச் சொல்லிக் குடுப்பா. ஊட்டுல வந்து அவளுக்குன்னு போடுவா. ஆயில் பெயிண்டு, கேன்வாஸ் துணி, மரச்சட்டம், எல்லாம் கோயமுத்தூர் போயி அவளே வாங்கிட்டு வருவா. எங்குளுக்குக் கொழந்தை இல்லீங்க. அதனால ஊட்டுல ஒரு ரூமு சும்மாதான் கெடந்துச்சு. அந்த ரூமு பூராம் படம்.

நான் சாய்ங்காலம் பட்டறை விட்டு வந்தன்னா மொதல்ல அந்த ரூமுக்குத்தான் போவேன். "ஏம்மிணி, வேப்பமரம் எங்க இத்தனை ஊதாவா இருக்குது?"ம்பேன். "மாஸ்டர் வந்துட்டாருப்பா"ன்னு சிரிப்பா. "இது உங்க பட்டறை இல்லீங்க. இங்க மாஸ்டரும் நான்தான், பார்ட்டியும் நான்தான்"ம்பா. அப்படியெல்லாம் வெளையாட்டாப் பேசிக்குவோம். சண்டைன்னு ஒண்ணு வந்ததில்லீங்க.

ஒருக்கா ஒரு லாட்டு தப்பிப் போச்சு. ஆகாச நீலம் கேட்டிருந்தான், அது கொஞ்சம் மங்கி, மழைக்கு முன்னாடி இருக்கற மாதிரி ஒரு நீலமா வந்துருச்சு. டாப்பிங்கும் குடுக்க முடியல. பார்ட்டி தள்ளிட்டான். நான் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஊட்டுக்கு ஒரு துண்டு கொண்டாந்தேன். அதை எடுத்துப் பாத்துட்டு, "இத்தனை நல்ல நீலத்தையா வேண்டாம்னான் அந்தப் பாவி?"ன்னு சொல்லி, எனக்கு ஒரு சட்டை தெச்சுக் குடுத்தா. இதுதானுங்க அது. தொட்டுப் பாருங்க, எத்தனை வருசம் ஆகியும் வெளுக்கலை. தள்ளுபடி லாட்டுன்னாலும் என்ற சாயமில்லீங்களா.

அவளுக்குக் கண்ணு போக ஆரமிச்சது எப்படின்னா, நானு கவனிக்கவே இல்லீங்க. டம்ளரைத் தட்டி உடுவா. வாசக்கால்ல தோளை இடிச்சுக்குவா. ரோட்டுல பக்கத்துல வந்து ஆரன் அடிச்சாத்தான் ஒதுங்குவா. "எங்க ரோசனை உனக்கு? படம், படம்னு கெடந்தா இப்படித்தான்"னு சத்தம் போடுவேன். ஒருநாள் குழம்புச் சட்டியத் தட்டிக் காலுல கொட்டிக்கிட்டா. அப்பத்தான் கோயமுத்தூர் கண்ணாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் நல்ல மனுசன். கண்ணுக்குள்ள தண்ணியோட அழுத்தம் கூடிப் போச்சு, அது நரம்பைக் கொன்னுட்டே வருதுன்னாரு. "ஓரப் பார்வை போயிடுச்சும்மா. போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து. அதுவும் எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது"ன்னாரு. அவ கேக்கறா, "டாக்டர், நடுவுல இருக்கறது கடைசியாத்தான் போகுமுங்களா?"ன்னு. ஆமாம்மான்னாரு. "அப்பச் சரிங்க"ன்னு எந்திரிச்சுட்டா. பஸ்ஸுல வர்றப்ப என்னமோ சொன்னா: இப்ப வளையல் வழியாப் பாக்கற மாதிரி இருக்குதுங்க, இனி மோதரம் வழியாப் பாக்கற மாதிரி ஆயிரும், அவ்வளவுதானேன்னா. நான் மூஞ்சிய வெளிய திருப்பிக்கிட்டேன்.

பள்ளிக்கூடத்துல நிறுத்திட்டாங்க. ஊட்டோட இருந்து படம் போட்டா. முன்னைக்கும் அதிகமாப் போட்டா. பக்கத்து ஊட்டுக்காரன் ஒருத்தன் என்றகிட்டயே கேக்கறான், "கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரமாங்க?"ன்னு. பல்லைப் பேத்துருப்பேன். அன்னைக்கே மனசுல வெச்சுக்கிட்டனுங்க, எவனும் இவ படத்தைப் பாத்து ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னு.

டியூப்புகளுக்கு நான்தான் அடையாளம் வெப்பேன். நீலத்துக்கு ரப்பர் பேண்டு, செவப்புக்கு நூலு, பச்சைக்கு ஒண்ணும் கிடையாது. தட்டுல பிதுக்கி வெச்சுக் குடுப்பேன். "இது இன்னுங்கொஞ்சம் மஞ்சள் தாங்கும்"னு சொல்லுவேன். "எடுத்துக் குடுங்க போதும், சொல்லிக் குடுக்காதீங்க"ம்பா. கோவமில்லாமத்தான் சொல்லுவா.

ஆனா படம் மாறிப் போச்சுங்க. முன்னயெல்லாம் துணி பூராம் எதாச்சும் இருக்கும். செவுரு, மரம், ரோடு, ஆளு, எல்லாம் இருக்கும். பொறகு பொறகு நடுவுல மட்டும் இருக்குது. சுத்தியும் ஒரே சாம்பல் நெறம். ஒரு படத்துல நடுவால பால்காரன் வண்டி ஹேண்டில் மட்டும். இன்னொண்ணுல கதவோட தாழ்ப்பா மட்டும். மிச்சமெல்லாம் புகை மூட்டின மாதிரி. பாவம், ஓரத்துல ஒண்ணும் தெரியாம வெறுமனே அப்பி வெச்சிருக்கறாளேன்னு நெனச்சேன். அவகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா மனசு உட்டுப் போகுமில்லீங்களா?

அந்தச் சமயத்துலதான் மேகலா வந்துச்சு. இவகிட்டப் படிச்ச புள்ளை, இப்பக் கோயமுத்தூர்ல படக் கண்காட்சியெல்லாம் நடத்துது. "டீச்சர், மாசியில ஒரு ஹால் கெடைக்குது. உங்க படம் மட்டும் வெக்கறேன்"னுச்சு. இவளுக்கு மூஞ்சி எப்படி ஆச்சுங்கறீங்க! கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படி இல்லை. ஆனா எனக்குப் பயம். கோயமுத்தூர்ல நாலு படிச்சவன் வருவான். ஓரம் போடாத படத்தைப் பாத்துட்டு, அய்யோ பாவம் குருடின்னு உச்சுக் கொட்டிட்டுப் போவான். என்ற பொண்டாட்டிய ஒருத்தன் அய்யோ பாவம்ங்கறதா?

அதுக்குன்னு கடைசியா ஒரு படம் போட்டா. இதுதான், இந்தப் படம். ஐப்பசி மழை ஓஞ்ச பொறவு ஆரமிச்சு, பொங்கலுக்கு முன்னால முடிச்சா. மொட்டை மாடியில வெச்சுப் போட்டா. என்னையும் கூட்டிட்டுப் போயி, துணி காயப் போடற கொடிகிட்ட நிக்கச் சொல்லுவா. "அங்கயே நில்லுங்க, அசையாதீங்க." எதுக்குன்னா கொடி எங்க இருக்குதுன்னு அவளுக்குத் தட்டுப்படாதில்லீங்களா, ஒரு அடையாளத்துக்கு ஆளை நிக்க வெச்சிருக்கறா. நானும் பேப்பரைக் கக்கத்துல இடுக்கிட்டு நிப்பேன். "இந்த நீலச் சட்டையே தெனமும் போட்டுட்டு வாங்க"ம்பா. கண்ணுக்கு அதுதான் பளிச்சுன்னு தெரியுதோ என்னமோ. ஓரோர் நாள் பொழுதிறங்கற வரைக்கும் நின்னிருக்கறேன். காலு கடுக்கும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க.

ஒருநாள் பிரஷ்ஷை வெச்சுட்டு எந்திரிச்சுக் கிட்ட வந்தா. ரெண்டு கையாலயும் என்ற மூஞ்சியத் தடவுனா. நெத்தி, கன்னம், மூக்கு, தாவாக்கட்டை, ஒண்ணையும் உடலை. பெயிண்டுக் கையோட. எனக்கு வெக்கமாப் போச்சு, எதுத்த மாடியில பொம்பளைங்க நிக்கறாங்க. "சவரம் பண்ணலைன்னுதானே பாக்கற? நாளைக்குப் பண்ணிக்கறேன்"ன்னேன். "பண்ணாதீங்க, இப்படியே இருக்கட்டும்"னுட்டு, வெடுக்குனு போயி ஒக்காந்து மறுபடி போட ஆரமிச்சுட்டா. அன்னைக்குப் பூராம் பேசவே இல்லை. என்னமோ கோவம்னு நானும் கீழ எறங்கி வந்துட்டேன்.

முடிச்சதும் படத்தைச் செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டா. "நீங்க இப்பப் பாக்கக் கூடாதுங்க. ஹால்ல மாட்டுன பொறவு, சனங்களோட சனமா வந்து நின்னு பாருங்க"ன்னா. செரின்னேன். ஆனா மனசு கேக்கலை. படத்தையெல்லாம் ஏத்திட்டுப் போக வேன் வர்றதுக்கு நாலஞ்சு நாள் இருக்கறப்ப, அவ குளிக்கப் போன நேரத்துல திருப்பிப் பாத்தேன்.

தம்பி, எனக்கு அழுகை வந்துருச்சுங்க. பூராம் சாம்பல். நடுவால ஒரு சாண் அகலத்துக்கு என்ற நீலச் சட்டை. மொட்டை மாடின்னு சொல்ல வானம் இல்லை, செவுரு இல்லை, ஒண்ணுமில்லை. சட்டையாச்சும் ஒழுங்கா வந்திருக்குதான்னு பாத்தா, கொடி இல்லாமயே அந்தரத்துல தொங்குது. கையிருக்கற எடத்துல பழுப்பா ரெண்டு கோடு கீழ எறங்குது. கழுத்துப் பட்டைக்கு மேல பழுப்பா ஒரு திட்டு, தேச்சு உட்ட மாதிரி. பிரஷ் வழுக்கிருச்சு போல. காயற சட்டைக்குக் கழுத்துக்கு மேல என்னங்க இருக்கும்? கண்ணு இத்தனை மோசமாப் போயிருச்சா என்ற தாயின்னு தூணைப் புடிச்சுட்டு நின்னேன்.

அப்பத்தான் முடிவு பண்ணுனேன். லாட்டு தப்பிருச்சு, பார்ட்டி பாக்கறதுக்கு முன்னால டாப்பிங் குடுத்துரலாம்னு. கெட்ட எண்ணமுங்களா அது? சொல்லுங்க. அவ மத்தியானம் படுக்கறப்பெல்லாம் நான் ரூமுக்குப் போயிருவேன். மாடிக்குப் போயி வானத்தோட ஷேடைப் பாத்துட்டு வந்து கலந்தேன். அப்படியே வந்துச்சு. கறுப்புத் தண்ணித் தொட்டி, கைப்பிடிச் செவுரு, அடுத்த ஊட்டுத் தென்னை மட்டை, எல்லாம் இருக்கற எடத்துல இருக்கற மாதிரி வெச்சேன். சட்டைக்கு மேல கொடிய இழுத்து, தோளுல ரெண்டு கிளிப்பு மாட்டுனேன். அந்தப் பழுப்புக் கோட்டையும் திட்டையும் வானத்துல மூடிட்டேன். கையோட கையா, அந்தப் பால்காரன் படத்துக்கும் தாழ்ப்பாப் படத்துக்கும் ஓரம் போட்டுட்டேன். பாத்தா எனக்கே பெருமையா இருந்துச்சுங்க. எவனும் ஒரு சொல்லு சொல்ல முடியாது.

ஆனா ஒண்ணுல ஏமாந்துட்டேன். எங்க தொழில்ல சாயம் ஏறுச்சுன்னா உப்பும் சோடாவும் போட்டா ஒரு மணி நேரத்துல புடிச்சுக்கும், அலசி உதறுனா முடிஞ்சுது. இந்த ஆயில் பெயிண்டு வாரக் கணக்குல ஈரமாவே இருக்கும்னு எனக்கு எங்கீங்க தெரியும்? இத்தனை வருசம் கூடவே இருந்தும், பெயிண்டு காயறதை நான் எங்க ஒக்காந்து பாத்தேன்!

வேன் வந்துச்சு. மேகலா வந்து ஒவ்வொண்ணா எடுக்குது. "அந்தக் கடைசிப் படத்தை ஒருக்காத் தொட்டுக் குடுத்தர்றேன் கண்ணு"ன்னு இவ கிட்ட வந்தா. சட்டத்தைத் தடவி, மெல்ல உள்ள விரலை வெச்சா. விரல் ஒட்டிருச்சு. எடுத்து மோந்து பாத்தா. "இது பொங்கலுக்கு முன்னாலயே முடிச்சதாச்சே"ன்னா. "மேகலா, இதுல என்ன இருக்குதுன்னு சொல்லு."

அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? சந்தோசமாச் சொல்லுது. "மொட்டை மாடி டீச்சர். நீல வானம். தண்ணித் தொட்டி, தென்னை மரம். கொடியில ஒரு சட்டை காயுது, கிளிப்பெல்லாம் போட்டிருக்கறீங்க. அப்படியே போட்டோ மாதிரி இருக்குது டீச்சர்."

"சட்டைக்குள்ள?"ன்னா இவ.

"சட்டைதான் டீச்சர். காயுது."

அப்படியே தரையில ஒக்காந்துட்டா. கத்துவா, அழுவான்னு பாத்தேன். இல்லை. "மத்ததுலயுமுங்களா?"ன்னு என்ற பக்கம் திரும்பிக் கேட்டா. நான் ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லாட்டித் தெரியாதுங்களா? "கண்ணு, வேனைத் திருப்பி அனுப்பிரு. எதை நான் போட்டேன், எதை அவரு போட்டாருன்னு எனக்குத் தெரியாது இனிமேலு"ன்னுட்டா. அவ்வளவுதான். கண்காட்சி நின்னு போச்சு.

நான் கையப் புடிச்சுட்டுக் கெஞ்சுனேன். "உனக்காகத்தானே பண்ணுனேன்? என்ன தப்புன்னாச்சும் சொல்லு, சரி பண்ணிர்றேன்"ன்னேன். என்ற பக்கமே மூஞ்சிய வெச்சுட்டு ரொம்ப நேரம் இருந்தா. பொறவு சொல்றா, "ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் போட்டிருப்பீங்க. உங்களுக்கு நல்ல கண்ணு." மறுநாளு தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டா. அங்க போயி, சித்திரைக்குள்ள மிச்ச மீதியும் போயிருச்சாமுங்க. ராத்திரியா பகலான்னு கூடத் தெரியறதில்லையாம். பிரஷ்ஷைத் தொடறதே இல்லைன்னு கொழுந்தியா சொல்லுச்சு.

இப்பச் சொல்லுங்க. கோவம்னா திட்டோணும். திட்டிட்டுச் சோத்தைப் போடோணும். அதுதானே குடும்பம்? எதுன்னு சொல்லாமயே இப்படி ஒரு மனுசனைத் தனியா உட்டுட்டுப் போனா என்ன நியாயமுங்க? காப்பி போட்டா ரெண்டு டம்ளர் எடுத்து வெக்கறேன் தெனமும். ஒண்ணைத் திருப்பிக் கழுவி வெக்கறேன்.

சரி, அவளுக்கு அவ போட்ட மாதிரியே வேணும், அவ்வளவுதானேன்னு நானே ரோசனை பண்ணி எறங்கிட்டேன். டர்பன்டைன் வாங்கி, பனியன் வேஸ்ட் துணியில நனைச்சு, நான் போட்டதையெல்லாம் தொடச்சேன். பிள்ளையார் புடிக்கப் போயி கொரங்கான கதைதான். என்றது வர்றப்ப அவ போட்டதும் கூடவே கரைஞ்சு வந்துருச்சு. சாம்பலும் போச்சு, அந்தப் பழுப்பும் போச்சு. சட்டை மட்டும் கெட்டியாப் போட்டிருந்தா, அது நின்னுருச்சு. துணி வெள்ளையாக் கெடக்குது.

அப்பவும் நான் அசரலைங்க. அவ தட்டுல காஞ்ச சாம்பல் கொஞ்சம் இருந்துச்சு. அதுதான் எனக்குச் சாம்பிள். பங்குனி பூராம் ஒக்காந்தேன், சித்திரை, வைகாசி பூராம் ஒக்காந்தேன். சும்மா அப்பி வெச்ச சாம்பல்னு நெனச்சிருந்தேன் பாருங்க, அது அப்படி இல்லீங்க. உள்ள நீலம் இருக்குது, செம்மண் இருக்குது, எங்கயோ துளி மஞ்சள் இருக்குது. கண்ணுல தெரியறதுக்கும் தெரியாததுக்கும் நடுவால இருக்கற ஒரு ஷேடு. அத்தனை பட்டறை பாத்தவன் நான், அந்த மாதிரி ஒண்ணை எவனும் கேட்டதில்லை. வெறும் ஓரத்துக்கு எதுக்கு இத்தனை பாடுபட்டான்னுதான் எனக்குப் பிடிபடலை. ஆனா மேட்ச் பண்ணிட்டேன். வடக்குச் சன்னல்ல வெச்சுப் பாத்தேன், தட்டுச் சாம்பலுக்கும் இதுக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. தொட்டா அவளுக்கு எப்படியும் ஈரம்தான் தெரியும். நானே சொல்லிருவேன், நீ போட்ட மாதிரியே திருப்பிக் கொண்டாந்துட்டேன் புள்ளைன்னு.

பாக்கறீங்களா? இருங்க, இந்த முடிச்சை அவுத்துர்றேன். நீங்க வெளியாளு, உங்க கண்ணுக்குச் சரியா இருந்தா எனக்கு ஒரு தைரியம். மெல்ல, துணியத் தூக்கிப் புடிங்க. ஆ. இதுதான். இந்தச் சாம்பலைப் பாருங்க. கைபட்ட எடம்னு எங்கயாச்சும் தெரியுதா? சொல்லுங்க.

என்னங்க தம்பி, படத்தைப் பாக்கச் சொன்னா என்ற சட்டையப் பாக்கறீங்க? ம்? ஆமாங், அதே சட்டைதான். அதைத்தான் படத்துல போட்டிருக்கறா. அவளுக்குப் புடிச்சதாச்சேன்னு இன்னைக்கு மாட்டிட்டு வந்தேன்.

என்ன கேட்டீங்க? காத்துல சரியா உழுகலை. அவ போடறப்பச் சட்டை கொடியிலயா காஞ்சுதுன்னா கேக்கறீங்க? ஆமாங், கொடியிலதான்... இல்லீங்க. இருங்க. நான்தானே போட்டிருந்தேன். தெனமும் இதையே போட்டுட்டு வாங்கன்னு சொன்னாளே. நான் கொடிகிட்ட நின்னேன், அசையாம. சட்டை என்ற மேல இருந்துச்சு. அப்பறம் கொடியில எப்படி...

தம்பி.

அன்னைக்குச் சட்டை கொடியில இல்லீங்களே.

அந்தப் பழுப்புக் கோடு ரெண்டும் என்ற கையிங்களா? கழுத்துப் பட்டைக்கு மேல தேச்சு உட்டிருந்தாளே, பிரஷ் வழுக்கிருச்சுன்னு நெனச்சனே. வழுக்கலைங்களா? மூஞ்சியத் தடவிட்டுத் தடவிட்டுப் போயி ஒக்காந்தாளே. நெத்தி, கன்னம், தாவாக்கட்டை. அவளுக்கு மோதரம் அளவுக்குத்தான் தெரிஞ்சுதுங்க அப்ப. அந்த மோதரத்துக்குள்ள என்னைய வெச்சிருந்திருக்கறா. வேற எதையும் வெக்கலை. வானத்தை வெக்கலை, மரத்தை வெக்கலை.

வானத்தைக் கொண்டாந்து மூடுனது நானுங்க. அதுவும் பத்தாதுன்னு துணியில தொடச்சது நானு. அந்தப் பனியன் துணி முழுக்கப் பழுப்பா இருந்துச்சு, எனக்கு இப்ப நெனவு வருது. சுருட்டிக் குப்பை வண்டியில போட்டனே. என்ற மூஞ்சிய நானே சுருட்டி...

சொல்லியிருக்கலாமில்லீங்களா அவ? சட்டைக்குள்ள நீங்கதான் இருந்தீங்கன்னு ஒரு வார்த்தை. அத்தனை கெஞ்சுனேன். என்ற பக்கமே மூஞ்சிய வெச்சுட்டு ரொம்ப நேரம் இருந்தான்னேனே, சொல்லலாமா வேண்டாமான்னுதான் இருந்திருக்கறா. சொன்னா இந்த மனுசன் தாங்க மாட்டான், இவன் பாட்டுக்கு நல்ல கண்ணுன்னு நெனச்சுட்டே இருக்கட்டும்னு உட்டுட்டுப் போயிருக்கறா. இப்ப நான் போயி, தெரிஞ்சுக்கிட்டேன் வசந்தாமணின்னு சொன்னா, அவ மறைச்சதும் வீணாப் போகுமுங்களே. சொல்லாட்டியும் எப்படிங்க அவ முன்னால நிக்கறது? சொல்லுங்க தம்பி, நீங்க படிச்சவரு மாதிரி இருக்கறீங்க.

இத்தனை நாளாச் சாம்பலைச் சரிபாத்தேனே. அவ கண்ணு போன எடத்துக்குப் பூராம் நெறம் கொண்டாந்துட்டேன். இருந்த எடத்துலதான் ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டேன்.

என்னது, தாராபுரம் வந்துருச்சுங்களா? எல்லாரும் எறங்கறாங்களா? சரிங்க. இல்லீங்க, போர்வையச் சுத்த வேண்டாம், அந்தக் கட்டையும் வேண்டாம், நெரிசல்ல நிக்காது. இப்படியே நெஞ்சோட அணைச்சுட்டு எறங்கிக்குவேன். நேராப் போயி அவ முன்னால நிப்பேன், மூஞ்சியத் தடவட்டும். சவரம் வேற பண்ணித் தொலைச்சுட்டனுங்க இன்னைக்கு, நல்லா இருக்கோணும்னு.

காயலைதானுங்க. சட்டையில ஒட்டத்தான் செய்யும். ஒட்டட்டும் உடுங்க.